தலைவர் கடிதம் என்றால் கட்டோடு வாங்குங்கள்

காந்தி, நேரு, ராஜாஜி போன்றவர்கள் கைப்பட எழுதிய கடிதமெல்லாம் அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் இருக்கும், இல்லாவிட்டால் லண்டனில் ஏலம் போகும் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். பல வருடங்களாக இவற்றைச் சேர்த்து வருகிறேன். எனக்குக் கிடைத்தவற்றில் பெரும்பாலானவை மதுரை, விருதுநகர், காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளின் பரணிலிருந்து வந்தவை. வீட்டை இடிக்கும்போதோ பாகம் பிரிக்கும்போதோ வெளியே வரும். வந்த வேகத்தில் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போய்விடும். இடையில் கிடைக்கிற சில நாட்கள்தான் நமக்கு.

அந்தக் கால வீடுகளில் கடிதத்தைப் படித்து முடித்ததும் கம்பியில் குத்திவிடுவார்கள். கீழே ஒரு மரவட்டு, அதிலிருந்து நிமிர்ந்து நிற்கும் கம்பி, மேல்முனையில் ஒரு கொக்கி. கார்டு, கவர், வரி ரசீது, மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை எல்லாம் வந்த வரிசையிலேயே ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருக்கும். சாவுச் செய்தி வந்த கார்டை மட்டும் படித்த கையோடு கிழித்துப் போட்டுவிடுவார்கள், அது வீட்டில் தங்கக் கூடாது. தேதி போடாத ஒரு கடிதம் கையில் கிடைத்தால், கம்பியில் அதற்குக் கீழே இருப்பதையும் மேலே இருப்பதையும் பார்த்தே ஏறக்குறைய எந்த மாதம் என்று சொல்லிவிடலாம். அதனால் கம்பியோடு ஒரு கட்டு கிடைத்தால் உருவாதீர்கள். மேலிருந்து ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, பென்சிலால் பின்பக்க மூலையில் சிறியதாக எண் போட்ட பிறகே கழற்றுங்கள்.

சாதாரணக் குடும்பங்களுக்கு எப்படித் தலைவர்களின் கடிதம் வந்தது என்று கேட்பார்கள். அந்த அரசியலே தபாலில்தான் நடந்தது. 1879 ஜூலையில் கால் அணாவுக்குப் போஸ்ட்கார்டு வந்தது. அதன் பிறகு தலைவருக்கு எழுதுவது யாருக்கும் எட்டாத காரியமாக இல்லை. எழுதினால் பதிலும் வந்தது. காந்தி வலது கை சோர்ந்தால் இடது கையால் எழுதுவார். 1909இல் கப்பலில் ‘இந்து சுயராஜ்யம்’ எழுதியபோதே கொஞ்சம் பக்கங்களை இடது கையால்தான் எழுதினார். அவருக்கு வந்த கவர்களைப் பிரித்து, உள்பக்கத்தை எழுதப் பயன்படுத்துவார். திங்கட்கிழமை மௌன விரதம் என்பதால் அன்று பேச வேண்டியதையெல்லாம் துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டுவார். கையெழுத்து கேட்பவர்களிடம் ஹரிஜன நிதிக்கு ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டு போட்டுக் கொடுப்பார். தமிழிலும் ‘மோ.க.காந்தி’ என்று போட்டிருக்கிறார். இதோடு கதர் இயக்கம். 1925இல் அகில பாரத சர்க்கா சங்கம் தொடங்கிய பிறகு நூல், தறி, கூலி, கணக்கு என்று ஊர் ஊராகக் கடிதம் போய் வந்தது. கதர்க்கடை வைத்திருந்தவர், ஆசிரமத்துக்குப் பஞ்சு அனுப்பியவர், தாலுகா காங்கிரஸ் செயலாளர் போன்றவர்கள் வீட்டில்தான் இப்போது இந்தக் கட்டுகள் கிடக்கின்றன. பெரிய பங்களாக்களைவிட இந்த வீடுகளைத் தேடிப் போவது பலன் தரும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். திருமங்கலம் பக்கம் கதர்க்கடை வைத்திருந்த ஒருவரின் கடிதக்கட்டு பழம்பொருள் வியாபாரி ஒருவரிடம் வந்திருந்தது. கூப்பிட்டுச் சொன்னார், போனேன். கட்டிலிருந்து ராஜாஜியின் கார்டை மட்டும் உருவி, தனியாக ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். அதற்கு ஒரு விலை. மிச்சம் “வெறும் கணக்கு வழக்குதான் சார், வேணும்னா எடைக்குப் போட்டுக்குங்க” என்றார். முழுவதையும் வாங்கினேன், அவர் கட்டியிருந்த சணல் கயிறு உட்பட.

அந்தக் கார்டில் தமிழில் நாலு வரி. தேதி இல்லை. எப்போது வேண்டுமானாலும் வரலாம், வருவதற்குத் தடை ஒன்றும் இல்லை என்ற அளவில்தான் விஷயம். தனியாகப் பார்த்தால் ராஜாஜியின் கையெழுத்து என்பதைத் தவிர அதில் எதுவும் இல்லை. கட்டைப் பிரித்து வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தபோது, கதர்க்கடைக்காரர் தான் அனுப்பிய கடிதங்களுக்குக் கார்பன் நகல் வைத்திருந்தது தெரிந்தது. கடைக்காரர் புத்தி, எதற்கும் நகல் வேண்டும். அதில் ஒன்று, ராஜாஜி சுதந்திராக் கட்சி தொடங்கிய 1959ஆம் ஆண்டில் எழுதியது. தான் இன்னும் காங்கிரஸ்காரன்தான், மாறப்போவதில்லை என்று அவர் முதலிலேயே சொல்லிவிடுகிறார். கதர் வேலையில் தன்னைக் கொண்டுவந்தவரே ராஜாஜி என்பதால், சென்னைக்கு வரும்போது இனிமேலும் வீட்டுக்கு வந்து பார்க்கலாமா என்று கேட்கிறார். இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார், பாதிக்கு மேல் தயக்கம்தான். அதற்கு வந்த பதில்தான் அந்த நாலு வரி.

இப்போது அந்தக் கார்டை எடுத்துப் படியுங்கள். கட்சி பிரிந்துபோன ஒரு காலத்தில் இரண்டு மனிதர்கள் நடந்துகொண்ட விதம் அதில் இருக்கிறது. அந்தக் கார்பன் நகல் எடைக்குப் போயிருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது. கார்டின் மேல் ஓரத்தில் கதர்க்கடைக்காரர் பென்சிலால் ‘பார்த்தாச்சு’ என்று எழுதி ஒரு தேதியும் போட்டிருக்கிறார். போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

பெரிய பெயர்களுக்கும் இது பொருந்தும். வ.உ.சி. சிறையிலிருந்து வந்து சென்னையில் வறுமையில் இருந்தபோது, தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகத் திரட்டிக் கொடுத்த பணம் பற்றி காந்தியும் அவரும் 1915, 1916இல் கடிதம் எழுதிக்கொண்டார்கள். தொகை 347 ரூபாய் 12 அணா. காந்தியின் பதில்கள் சின்னச் சின்னவை. வ.உ.சி.யின் கடிதங்களைப் பக்கத்தில் வைத்தால்தான் அந்தத் தொகை எவ்வளவு தேவையாக இருந்தது என்று புரியும். 2012இல் காந்தி–காலன்பாக் (தென்னாப்பிரிக்காவில் காந்தியின் நண்பர்) கடிதங்கள் லண்டனில் சதபீஸ் ஏலத்துக்கு வரவிருந்தபோது, இந்திய அரசு ஏலத்துக்கு முன்பே தொகுப்பாக வாங்கி டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்துக்குக் கொண்டுவந்தது. பல கோடி ரூபாய் செலவு. அந்தச் செலவு சரி என்றே சொல்வேன். ஒவ்வொன்றாக ஏலம் போயிருந்தால் ஆளுக்கு ஒன்று சுவரில் மாட்டியிருப்பார்கள், டால்ஸ்டாய் பண்ணை நாட்களின் அந்த நட்பைச் சேர்த்துப் படிக்க ஒருவருக்கும் முடிந்திருக்காது.

கட்டை வாங்கிய அன்றே ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். யார் வீடு, எந்த ஊர், எந்த வழியாக வந்தது, விற்றவர் என்ன சொன்னார், கட்டில் என்னென்ன இருந்தன என்று எல்லாவற்றையும். முடிந்தால் அந்தக் குடும்பத்தின் வயதானவர்களிடம் பேசுங்கள். என் அனுபவத்தில் பேரன்களைவிட மருமகள்களுக்குத்தான் அதிகம் தெரிந்திருக்கிறது. மாமனாருக்குத் தபால்காரரிடம் கடிதம் வாங்கிக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். தி.கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் கடைசிக் காலத்தில் இருந்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி.குமரப்பாவின் கடிதம் ஒன்று கதர்க்கடைக்காரர் கட்டில் இருந்தது. கையால் செய்த காகிதம், ஓரம் ஒழுங்கில்லாமல், வெளிச்சத்தில் பிடித்தால் நார் திட்டுத் திட்டாகத் தெரியும். அந்தக் காகிதம் ஒரு கட்டாக வீட்டுக்கு வந்தது, பிள்ளைகள் அதில் எழுதினால் மாமனார் திட்டுவார் என்று அந்த வீட்டு மருமகள் சொன்னார். இது எந்த ஆவணத்திலும் கிடைக்காத தகவல்.

சரி, போலியை எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லோரும் கையெழுத்தின் வடிவத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நான் அதைக் கடைசியில் பார்ப்பேன், ஏனென்றால் போலி செய்பவர் மெனக்கெடுவதே அதில்தான். மற்றவற்றில்தான் மாட்டுவார். காந்தி 1948 ஜனவரியில் மறைந்தார். அவர் எழுதியதாகப் பால்பாயிண்ட் பேனாவில் ஒரு கடிதம் வந்தால் பெரும்பாலும் போலிதான். இன்லேண்ட் லெட்டர் 1950இல்தான் வந்தது. பின்கோடு 1972 ஆகஸ்ட் 15இல். தசமக் காசு, அதாவது ரூபாய்க்கு நூறு நயா பைசா, 1957 ஏப்ரலில். ராஜாஜி கார்டில் அச்சாகியிருந்த தபால்தலை நயா பைசாவில் இருந்ததால், அது 1957க்குப் பிந்தியது என்று கார்பன் நகலைப் பார்ப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. மதராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆனது 1969 ஜனவரியில் என்பதால் லெட்டர்பேடில் அச்சான முகவரியும் உதவும்.

ஊர்ப்பெயரும் நாளும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். வார்தா பக்கத்தில் காந்தி 1936இல் குடியேறிய கிராமத்தின் பெயர் சேகாவ். சேவாகிராம் என்று பெயர் மாறியது 1940இல். 1937 தேதியிட்டுத் தலைப்பில் சேவாகிராம் என்று இருந்தால் உஷாராகிவிட வேண்டும். 1942 ஆகஸ்ட் 9 முதல் 1944 மே 6 வரை அவர் புனே ஆகாகான் மாளிகையில் சிறையில் இருந்தார். இடைப்பட்ட தேதியில் சேவாகிராமிலிருந்து கடிதம் வந்திருக்க வாய்ப்பே இல்லை. அவர் எந்த நாள் எந்த ஊரில் இருந்தார் என்பது நாள்வாரியாகத் தொகுக்கப்பட்டிருக்கிறது. எழுத்துகள் நூறு தொகுதிகளாக வெளிவந்து இணையத்திலும் கிடைக்கின்றன. அரை மணி நேரம் செலவழித்தால் சரிபார்த்துவிடலாம். அந்தத் தொகுதிகளில் இல்லாத கடிதம் எல்லாம் போலி என்று அர்த்தமில்லை. வீடுகளில் தங்கிவிட்ட கடிதங்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

தமிழ்க் கடிதங்களுக்கு இன்னொரு நல்ல சோதனை இருக்கிறது. அந்தக் காலத்தில் ணை, லை, ளை, னை ஆகிய எழுத்துகளில் துதிக்கை போலக் கொம்பு மேலே சுருண்டு இருக்கும். ணா, றா, னா ஆகியவையும் கால் தனியாக இல்லாமல் சேர்ந்தே இருக்கும். பெரியார் ‘குடி அரசு’ இதழில் 1935இலேயே சீர்திருத்த எழுத்தைக் கொண்டுவந்துவிட்டார். அரசு ஏற்றுக்கொண்டது 1978இல்தான். அதற்கு முன்பு பள்ளியில் படித்தவர்கள் பெரும்பாலும் கடைசிவரை பழைய எழுத்தையே எழுதினார்கள். 1920களில் ஒரு காங்கிரஸ் தலைவர் எழுதியதாக வந்த கடிதத்தில் ஒவ்வொரு ‘லை’யும் இன்றைய பள்ளிப் பிள்ளை எழுதுவதுபோல இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன். பெரியாரைச் சேர்ந்தவர்கள் கடிதம் என்றால் இதே சோதனையைக் கவனமாகப் பயன்படுத்த வேண்டும், அவர்கள் புதிய எழுத்தை முன்பே எழுதத் தொடங்கியவர்கள்.

அப்புறம் பூதக்கண்ணாடி. பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் போதும். மடிப்பு ஓடும் இடத்தில் எழுத்தைப் பாருங்கள். எழுதிய பிறகு மடித்த கடிதத்தில், மடிப்பில் காகிதம் தேய்ந்திருக்கும், அந்த இடத்தில் மையும் சேர்ந்தே உதிர்ந்திருக்கும். பழைய காகிதத்தை எடுத்து இன்று எழுதினால், மை மடிப்பின் உடைந்த நாருக்குள் இறங்கிப் பக்கவாட்டில் ஓடியிருக்கும். பழைய பேரேடுகளின் கடைசியில் எழுதாமல் விட்ட தாள்கள் சந்தையில் நிறையக் கிடைப்பதால், காகிதம் பழையது என்பது ஒன்றையும் நிரூபிக்காது. அந்தத் தாள்களில் மெருகு போயிருக்கும், புது மை மெல்லிய மீசை முளைத்ததுபோல் ஊறிப் பரவும். புற ஊதா விளக்கும் கையில் இருந்தால் நல்லது. 1950க்குப் பிறகு வந்த காகிதங்கள் பலவற்றில் வெண்மைக்காகச் சேர்த்த ரசாயனம் அந்த வெளிச்சத்தில் நீலமாகப் பளிச்சிடும். 1930 என்று தேதியிட்ட தாள் அப்படிப் பளிச்சிட்டால் ஒதுக்கிவிடுங்கள்.

லென்ஸில் எழுத்து புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சு. நினைவு மலர்களிலும் அருங்காட்சியக விற்பனையிலும் வந்த நகல்களை மூலம் என்று நம்பிப் பல வீடுகளில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் சொல்லும்போது பக்குவமாகச் சொல்ல வேண்டும், தாத்தாவின் பெருமை அது.

தலைவர் கையெழுத்திட்ட கடிதம் வேறு, கைப்பட எழுதிய கடிதம் வேறு. இந்த வேறுபாட்டை வியாபாரிகள் வேண்டுமென்றே மறைப்பதுண்டு. நேரு பிரதமராக இருந்தபோது முதலமைச்சர்களுக்கு 1947 அக்டோபர் முதல் அனுப்பிவந்த கடிதங்கள் புகழ்பெற்றவை, ஆனால் அவை தட்டச்சில் ஒரே வாசகமாகப் பல பேருக்குப் போனவை. காந்திக்கு மகாதேவ தேசாய், பியாரேலால் போன்ற செயலாளர்கள் எழுதிக் கொடுத்தார்கள். கடிதத்தின் உடல் செயலாளர் கையில், கீழே ஒரே ஒரு வரி மட்டும் தலைவர் கையில் என்று இருப்பது சகஜம். என்னைக் கேட்டால் அப்படிப்பட்ட கடிதம் ஒன்றும் மட்டமில்லை, மகாதேவ தேசாயின் கையெழுத்தே பெரிய சொத்து. ஆனால் அதற்குத் தகுந்த விலையைக் கொடுங்கள்.

சட்டம் தெரியாமல் இதில் இறங்கக் கூடாது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதி 75 ஆண்டு பழையது என்றால் அதுவும் தொல்பொருள்தான். தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அமெரிக்காவில் இருக்கும் மகனுக்குத் தாத்தாவின் காந்தி கடிதத்தைக் கூரியரில் அனுப்பலாமா என்று கேட்டவர்கள் உண்டு. கூடாது, ஸ்கேன் செய்து அனுப்புங்கள் என்றேன். அரசு அலுவலகக் கோப்பிலிருந்து உருவியது போலத் தெரியும் எதையும் தொடாதீர்கள். கோப்பு எண், காப்பக முத்திரை, ஓரத்தில் வரிசையான துளைகள் இருந்தால் விற்பவரிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். மத்திய அரசு ஆவணங்களுக்கு 1993ஆம் ஆண்டுச் சட்டமே தனியாக இருக்கிறது. வாங்கும்போது என்ன பொருள் என்ற விவரத்தோடு பில் கேளுங்கள். பில் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

காகிதம் நம்முடையது ஆனாலும் அதில் எழுதியதன் பதிப்புரிமை நமக்கு வந்துவிடாது. எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை வாரிசுகளுக்கு உரிமை உண்டு, இறந்த பிறகு முதல்முறையாக வெளியாகும் எழுத்துக்கு வெளியான ஆண்டிலிருந்து கணக்கு. அதனால் முழு வாசகத்தை வெளியிடும் முன் கேட்டுவிடுவேன். கடிதத்தைப் பெற்றவர் குடும்பத்தையும் கேட்பேன். கதர்க்கடைக்காரர் கட்டில் கடன், பங்காளிச் சண்டை பற்றியெல்லாம் இருக்கிறது. அவற்றை யாருக்கும் காட்டுவதில்லை, கட்டிலிருந்து எடுத்துவிடவும் இல்லை.

பராமரிப்பு பற்றி ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: லேமினேஷன் செய்யாதீர்கள். பாசத்தோடு செய்கிறார்கள், அதனாலேயே பார்க்க வேதனையாக இருக்கிறது. சூட்டில் பிளாஸ்டிக் காகிதத்தோடு ஒட்டிவிட்டால் பிரிக்க முடியாது, உள்ளே அமிலத்தன்மை காகிதத்தைத் தின்றுகொண்டே இருக்கும். செல்லோடேப்பும் அப்படித்தான், சில வருடத்தில் பசை மஞ்சளாகி எழுத்தின் மேலேயே கறையாக நிற்கும். குண்டூசி துருப்பிடித்திருந்தால் இழுக்காமல், பின்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றைச் செருகி, முனையை நிமிர்த்தி எடுங்கள். அமிலமில்லாத தாள் உறைகளோ பாலியெஸ்டர் உறைகளோ போதும். சட்டம் போட்டு மாட்ட ஆசை என்றால் நகலை மாட்டுங்கள், மை வெயிலில் வெளுத்துவிடும். ராமபாணப் பூச்சிக்கு ஈரமும் இருட்டும் பிடிக்கும். மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்ப்பதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. கம்பி குத்திய ஓட்டையை அடைக்காதீர்கள், அந்தக் கடிதம் ஒரு வீட்டில் இருந்தது என்பதற்கு அதுதான் அடையாளம்.

ஸ்கேன் செய்யும்போது எழுதாத பக்கத்தையும் கவரையும் சேர்த்து 600 டிபிஐயில் எடுத்து, ஒரு பிரதியைக் குடும்பத்துக்குக் கொடுக்கிறேன். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த நூல்கள் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாகி இன்று எத்தனையோ பேருக்குப் பயன்படுகின்றன. அவர் ஒருவர் வீட்டில் சேர்த்தது அது. என் காலத்துக்குப் பிறகு இந்தக் கட்டுகளும் பிரியாமல் ஏதாவது ஒரு நூலகத்துக்குப் போக வேண்டும் என்று வீட்டில் எழுதியே கொடுத்துவிட்டேன்.

கதர்க்கடைக்காரர் அனுப்பிய மூலக் கடிதம் எங்கே இருக்கும் என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. என்னிடம் இருப்பது கார்பன் நகல்தான். டெல்லி தீன்மூர்த்தி வளாகத்து நூலகத்தில் ராஜாஜியின் ஆவணங்களும் குமரப்பாவின் ஆவணங்களும் இருக்கின்றன. அங்கே 1959ஆம் ஆண்டுக் கடிதப் போக்குவரத்தைப் பார்க்க அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் டிக்கெட் போட வேண்டும்.